பாலில கொழுப்பு கூட எண்டு பயந்து செய்யிற பிழையள்

வன்னியில மாடு இல்லாத ஊர் குறைவு, எண்டாலும் சின்னப் பிள்ளையின்ர பால் விசயத்தில ஆளாளுக்கு ஒவ்வொரு கதை. பிறந்து முதல் 2 வருசத்தில தான் மூளை கடகடவெண்டு வளருது, அந்த மூளையில தண்ணியைக் கழிச்சுப் பாத்தா பாதிக்கு மேல கொழுப்பு தான், நரம்பைச் சுத்தி மயலின் எண்டொரு உறை படியுதே அதுவும் கூடுதலாக் கொழுப்பு தான். தாய்ப்பாலில இருக்கிற சக்தியிலயே கிட்டத்தட்ட பாதி கொழுப்பில இருந்து தான் வருது.

இது தெரியாம, அப்பாவுக்கு கொலஸ்ட்ரோல் எண்டு வாங்கின கொழுப்பு நீக்கின பால்மாவையே ஒண்டரை வயசுப் பிள்ளைக்கும் கரைக்கினம். 2 வயசு வரைக்கும் அது வேண்டாம், முழு ஆடைப் பாலே குடுங்கோ. "பால் பாரம், செமிக்காது" எண்டு பசுப்பாலுக்கு பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துறதும் அப்பிடித்தான், வயிறு நிரம்பும், ஆனா கொழுப்பும் சக்தியும் பாதியாப் போயிடும்.

அதுக்காக ஆறு மாசத்திலயே பசுப்பாலைத் தொடங்கிடாதேங்கோ. 1 வயசுக்கு முதல் தாய்ப்பாலுக்குப் பதிலா அதைக் குடுத்தா புரதமும் உப்பும் சிறுநீரகத்துக்கு கூடிப்போகும், இரும்புச்சத்து காணாது, சில பிள்ளையளுக்கு குடலில கண்ணுக்குத் தெரியாம ரத்தமும் கசியும், இரும்பு குறைஞ்சாலும் கடைசியில அடிபடுறது மூளை தான். டின்பாலை, அதாவது சீனி போட்டு வத்தவைச்ச கட்டிப்பாலைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, கிட்டத்தட்ட பாதி சீனி.

தாய்ப்பால் குடுக்கேக்க மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து பக்கம் மாத்திற ஆக்களும் இருக்கினம். மார்பு வத்த வத்த தான் பாலில கொழுப்பு கூடும், பிள்ளை தானா விடும்வரை ஒரு பக்கத்தையே குடிக்கட்டும்.

பிறகு இந்த "மூளை வளர்ச்சிக்கு டிஎச்ஏ சேர்த்தது" எண்டு விலை ஏத்தி விக்கிற பால்மா டின்கள். டிஎச்ஏ எண்டது மீனில இருக்கிற ஒரு ஒமேகா-3 கொழுப்பு. நிறைமாசத்தில பிறந்த பிள்ளையளில செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தா அதால அறிவு கூடினதா உறுதியா ஒண்டும் தெரியேல்லை. தாய் சாப்பிடுற மீனால தான் தாய்ப்பாலில டிஎச்ஏ கூடிக் குறையும், அதால என்னைக் கேட்டா அந்தக் காசுக்கு முல்லைத்தீவுப் பக்கத்து சூடையோ சாளையோ வாங்கி அம்மாவுக்கு குழம்பு வைக்கலாம். பால் ஊறும் எண்டு சுறா வறை குடுக்கிற வழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, ருசி தான், ஆனா பெரிய சுறாவில பாதரசம் கூட, பால் குடுக்கிற காலத்தில அதைக் குறைச்சு சின்ன மீனுக்கு மாறுங்கோ.