கணினியோடு சேர்ந்து எழுந்துகொள்ளும் பெயர் தெரியாத புரோகிராம்கள்

போன மாதம் ஒரு நாள் இரவு அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, என் லேப்டாப்ல ஸ்டார்ட்அப் லிஸ்ட்ல 'புரோகிராம்'னு ஒண்ணு இருக்கு. ஐகான் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. எந்த கம்பெனின்னும் போடல. வைரஸா இருக்குமா?" ஃபார்மட் செய்துவிடு என்று யாரோ அவளுக்குச் சொல்லியும் விட்டார்கள். அந்த லேப்டாப்பில் அவளுடைய மூன்று வருட உழைப்பு இருக்கிறது.

"எதையும் அழிக்காதே, முதலில் அது என்னவென்று பார்ப்போம்" என்றேன். அன்று இரவு நாங்கள் இருவரும் பார்த்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இது இடது ஓரத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வரும்வரை இதற்கு எம்எஸ்கான்ஃபிக் என்ற தனிக் கருவிதான். இப்போது அதைத் திறந்து ஸ்டார்ட்அப்பைத் தொட்டால் டாஸ்க் மேனேஜருக்கே போகச் சொல்லும்.

பட்டியலில் பெயர், பப்ளிஷர், ஸ்டேட்டஸ், ஸ்டார்ட்அப் இம்பேக்ட் என்று நான்கு பத்திகள் தெரியும். கடைசிப் பத்தியில் 'ஹை' என்று பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு புரோகிராம் தொடங்கும்போது பிராசஸரில் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அதற்கு 'ஹை' என்று பெயர். 300 மில்லி நொடி, 300 கேபி இரண்டுக்கும் கீழே நின்றால் 'லோ'. இடைப்பட்டது 'மீடியம்'. எடை எவ்வளவு என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. ஆபத்தானதா இல்லையா என்பதைச் சொல்லவே சொல்லாது. நல்ல புரோகிராம் 'ஹை'யாக இருக்கும், கெட்டது சத்தமே இல்லாமல் 'லோ'வில் இருக்கும்.

நமக்குத் தேவையான தகவல் மறைந்திருக்கிறது. பத்திகளின் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்', 'ஸ்டார்ட்அப் டைப்' இரண்டையும் டிக் செய்யுங்கள். எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்பதைக் கமாண்ட் லைன் முழுதாகக் காட்டும். அது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) வழியாக வந்ததா, ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வழியாக வந்ததா என்பதை மற்றது சொல்லும். யாராவது எனக்குப் போன் செய்தால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

அவள் செய்தாள். அந்த 'புரோகிராம்' வைரஸ் இல்லை. எப்போதோ நிறுவி, பிறகு நீக்கிவிட்ட ஒரு ஸ்கேனர் மென்பொருளின் மிச்சம். பெயர் ஏன் அப்படி வந்தது என்றால், பெரும்பாலான மென்பொருள்கள் சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். அந்தப் பெயரின் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. ரெஜிஸ்ட்ரியில் பாதையை, அதாவது கோப்பு இருக்கும் இடத்தின் முழு முகவரியை, எழுதும்போது அதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். சில மென்பொருள்கள் போடாமல் விட்டுவிடுகின்றன. போடாவிட்டால் இடைவெளி வந்த இடத்தோடு பெயர் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பட்டியலில் வெறும் 'புரோகிராம்' என்று காட்டுவது உண்டு. பழைய மென்பொருளை நீக்கிய பிறகும் இந்தக் குறிப்பு தங்கிவிடும்போது ஐகானும் இருக்காது, கம்பெனி பெயரும் இருக்காது. எத்தனையோ பேரை இந்த ஒரு வரி தூங்க விடாமல் செய்திருக்கிறது.

சரி, கோப்பு உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்றால்? அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொக்கேஷன்' கொடுங்கள். கோப்பு இருக்கும் ஃபோல்டர் திறக்கும். கோப்பின் மேல் ரைட் கிளிக், பிறகு ப்ராப்பர்ட்டீஸ். அங்கே 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருந்தால் எந்த நிறுவனம் தன்னுடையது என்று அதில் மின்னணுக் கையெழுத்திட்டது என்று பாருங்கள். எந்தத் தேதியில் வந்தது என்றும் பாருங்கள், அந்தத் தேதியில் நீங்கள் எதை நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். முக்கால்வாசிப் புதிர்கள் தேதியிலேயே அவிழ்ந்துவிடும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பு விண்டோஸின் சொந்தக் கோப்பு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-இல்தான் அதன் வீடு. அதே பெயரில் ஒன்று உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரிலோ உட்கார்ந்திருந்தால், அல்லது நடுவில் வி-யும் சி-யும் இடம் மாறி எஸ்சிவிஹோஸ்ட் என்று இருந்தால், அது வேடம் போட்டு வந்தது. ஆனால் செயலிகள் உங்கள் கணக்குக்கான தகவலை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருப்பதாலேயே ஒன்றைச் சந்தேகிக்க வேண்டாம். நிர்வாகி அனுமதி கேட்காமல் நிறுவிக்கொள்ளும் அரட்டைச் செயலிகளும், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் செயலிகளும் வழக்கமாக அங்கேதான் இருக்கும். டெம்ப்பிலிருந்து தினமும் ஓடுவதற்குத்தான் நல்ல காரணம் கிடைப்பது கடினம். அப்படி ஒன்றைக் கண்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும், அதற்கு முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி நிறுத்துவது. அதே பட்டியலில் ரைட் கிளிக், 'டிசேபிள்'. அவ்வளவுதான். இது எதையும் அழிப்பதில்லை. தானாக எழுவதை மட்டும் தடுக்கிறது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். மனம் மாறினால் 'எனேபிள்'.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரே உட்காரலில் பதினொரு புரோகிராம்களை நிறுத்தினேன். மறுநாள் டச்பேடில் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்த முடியவில்லை. பதினொன்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது, ஏனென்றால் எதையெல்லாம் நிறுத்தினேன் என்றே எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, புரோகிராமின் பெயர், முன்பு எப்படி இருந்தது. ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிறகு ஒரு நாள் சாதாரணமாக வேலை செய்து பார்ப்பேன்.

சோதிக்கும்போது ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். பல கணினிகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்குகிறது. ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

எதை நிறுத்தலாம் என்று கேட்டால், அரட்டை, இசை, வீடியோ கூட்டம், விளையாட்டு லாஞ்சர் இவற்றை நான் யோசிக்காமல் நிறுத்துவேன். 'செக்யூரிட்டி ஹெல்த் சிஸ்ட்ரே' என்பது விண்டோஸ் பாதுகாப்பின் அறிவிப்பு ஐகான், இருக்கட்டும். ரியல்டெக் என்று தொடங்குவது ஒலிக்கானது, அதையும் விட்டுவிடலாம். டச்பேட் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கிளவுட் செயலிகளில்தான் கவனம் வேண்டும். அதை நிறுத்திவிட்டால் நீங்களாகத் திறக்கும்வரை கோப்புகள் மேலே போகாது. பேக்கப் ஆகிறது என்று நினைத்துக்கொண்டே மாதக்கணக்கில் வேலை செய்வோம், டிஸ்க் போகும் அன்றுதான் தெரியும். கிளவுடை நம்பி இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

நிறுத்திய பிறகும் ஒன்று திரும்பத் திரும்ப எழுகிறதா? இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். சில செயலிகள் புதுப்பித்துக்கொள்ளும்போது தங்களை மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு அந்தச் செயலியின் செட்டிங்ஸுக்குள்ளேயே போய் 'கணினி தொடங்கும்போது திற' என்ற டிக்கை எடுக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போனால், கடைசியாகத் திறந்திருந்த செயலிகளை மறுபடி திறக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஸ்டார்ட்அப் பட்டியலில் இல்லாததும் காலையில் வந்து நிற்கும்.

டாஸ்க் மேனேஜரிலேயே வராதவையும் உண்டு. சர்வீஸ்களாகவும் (திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடுபவை) டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் விண்டோஸ் கருவி) வழியாகவும் எழுபவை அங்கே தெரியாது. பிரவுசரைப் புதுப்பிக்கும் வேலைகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன, பாதுகாப்புக்காக அவற்றை அப்படியே விடுங்கள். சர்வீஸ்களில் கை வைப்பதானால் எம்எஸ்கான்ஃபிக்கில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் செய்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸிலிருந்து வந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். வேறு இடத்திலிருந்து இறக்காதீர்கள். 'உங்கள் கணினியை வேகமாக்குகிறோம்' என்று பயமுறுத்தி வரும் துப்புரவு மென்பொருள்களையும் தயவுசெய்து நிறுவாதீர்கள். அவற்றில் பலவும் முதல் வேலையாக ஸ்டார்ட்அப் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றன.

ஆட்டோரன்ஸை நிர்வாகி அனுமதியோடு திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிடுங்கள். பட்டியல் பாதியாகக் குறையும். மஞ்சள் வரி என்றால் குறிப்பு இருக்கிறது, கோப்பு இல்லை. இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான கையெழுத்தோ இல்லை. அதற்காகவே அதைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது, விசாரிக்க வேண்டிய வரி. டிக்கை எடுத்தால் அந்த வரி தூங்கும், மறுபடி வைத்தால் எழும். டெலீட் கொடுத்தால் மட்டும் போய்விடும்.

அண்ணன் மகளின் 'புரோகிராம்' அங்கே மஞ்சள் வரியாகத்தான் நின்றது. அன்று டிக்கை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஒரு வாரம் வேலை செய்து பார்த்தாள், எதுவும் குறையவில்லை. அப்புறம்தான் டெலீட் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் பழைய பாதையை முழுதாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள், தேதியோடு.