எண்ணிக்கையை வானத்தில் காட்டுங்கள்

உங்கள் வானியல் மன்றத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு மைல்கல்லைத் தொடும்போது கேக் வெட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு வானத்தில் ஓர் இணையைத் தேடிப் பாருங்கள்.

500 பேர் வந்துவிட்டார்களா? சூரிய ஒளி பூமியை அடையச் சுமார் 500 விநாடிகள் ஆகும். வந்தவர்களில் ஆளுக்கு ஒரு விநாடி என்று சொல்லிப் பாருங்கள், குழந்தைகளும் அதை மறக்கமாட்டார்கள். 9,000 என்றால் இன்னும் அழகு. இருண்ட வானங்களில், இரு அரைக்கோளங்களிலும் சேர்த்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் ஏறத்தாழ அவ்வளவுதான். 26,000 வந்தால், நம் பால்வீதியின் மையம் சுமார் அத்தனை ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

கொண்டாட்ட இரவை மட்டும் பௌர்ணமியில் வைக்காதீர்கள். பலரும் இதில்தான் தவறுகிறார்கள். முழுநிலவில் நிழலே இல்லாமல் நிலவின் பரப்பு முழுவதும் தட்டையாகத் தெரியும்; மங்கலான விண்மீன்களும் அந்த ஒளியில் மறைந்துவிடும். வளர்பிறையில், அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் வரும் அரைநிலவே சிறந்தது. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். முதன்முறை தொலைநோக்கியில் கண் வைப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சத்தத்துக்காகவே நான் பக்கத்தில் நிற்பேன்.

பகலில் நடத்துவதாக இருந்தால், தொலைநோக்கியின் முன்பக்கத்தில் தகுந்த சூரிய வடிகட்டி பொருத்தாமல் யாரையும் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். கண் போனால் திரும்பாது.