வாய்தாவும் தவக்காலமும்: நான் காத்திருக்கப் பழகிய விதம்

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு ஆறு வருடமாக வாய்தாவிலேயே ஓடுகிறது. அதனால் பொறுமையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவள் நான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் காத்திருக்கப் பழக நான் செய்வதைச் சொல்கிறேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று பூசை முடிந்து வந்ததும், எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. மகன் வேலை, மகள் கல்யாணம், மூட்டுவலி என்று அடுக்கினால் அது மளிகைச் சீட்டு. மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், பேரம் பேசாதீர்கள். "நாற்பது நாளும் இறைச்சி தொடாமல் சுத்தபோசனம் இருக்கிறேன், தீர்ப்பை வாங்கிக் கொடும்" என்று முதல் வருடம் நானே கேட்டேன். ஈஸ்டர் முடிந்த வாரமே இன்னொரு வாய்தா. ஒரு மாதம் சாமியோடு பேசவில்லை. ஆசைப்பட்டதை விட்டுக்கொடுக்கும் ஒறுத்தல் வேறு, அட்வான்ஸ் கொடுப்பது வேறு. எங்கள் ஊரில் இதிலும் ஒரு தந்திரம் உண்டு: இறைச்சியை விட்டுவிட்டுச் சீலா மீனைப் பொரித்துத் தின்பது! இப்போது வெள்ளிக்கிழமை மீனையும் விட்டு, அந்தக் காசை உண்டியலில் போடுகிறேன்.

சரி, கோபம் வந்தால்? அடக்க வேண்டாம். ஆனால் நேரம் வைத்துச் சொல்லுங்கள். ராத்திரி மெஷினை மூடியதும் பைபிளில் தாவீதின் 13ஆம் திருப்பாடலைச் சத்தமாக வாசிப்பேன். ஆறே வசனம். இன்னும் எவ்வளவு காலம் என்று தாவீது எடுத்த எடுப்பிலேயே நான்கு தடவை கேட்கிறார். நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. நானும் அந்த வரிசையிலேயே போகிறேன்: முதலில் முறையீடு, பிறகு ஒப்படைப்பு. நடுராத்திரி மனசு மறுபடி கேஸ் கட்டைப் பிரித்தால், "சொல்லியாயிற்று, நாளைக்கு" என்று திரும்பிப் படுத்துவிடுவேன். வக்கீலுக்குப் போன் சனிக்கிழமை மட்டும்.

இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதையில் 3, 7, 9ஆம் நிலைகளில் கொஞ்சம் கூடுதலாக முழங்காலில் இருங்கள். மூன்றிலும் ஆண்டவர் விழுகிறார். வானதூதர் யாரும் இறங்கி வரவில்லை. எழுந்து அடுத்த நிலைக்குப் போகிறார், அவ்வளவுதான். ஐந்தாம் நிலையில் சிலுவை சுமக்கும் சீமோனும் விரும்பி வந்தவர் இல்லை, பிடித்து வரப்பட்டவர். கோர்ட்டுக்கு என்னோடு வரும் நாத்தனாரும் முனகிக்கொண்டேதான் வருவாள். ஆனால் வருவாள்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். நோன்பில் சேராத ஆறு ஞாயிறு போனால்தான் 40. அந்த ஞாயிறுகளில் சீட்டை நினைக்காதீர்கள். மீன் குழம்பு வையுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வந்து சீட்டை எடுங்கள். காரியம் நடக்கவில்லையென்றால், குருத்து ஞாயிறன்று கோவிலில் வாங்கி வந்த குருத்தோலையோடு சேர்த்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுங்கள். அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் சாம்பல் எடுக்கப் பழைய ஓலைகளைக் கோவிலில் கேட்பார்கள். இந்த வருடமும் ஓலையைக் கொடுத்துவிட்டுச் சீட்டை மட்டும் உருவிக்கொண்டேன். எழுத்து மங்கியிருந்தது. அதன் மேலேயே ஒரு தடவை பேனாவை ஓட்டி, மாதாவின் காலடியில் வைத்திருக்கிறேன்.