சேசிஸ் ரவுட்டரில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் டேட்டா சென்டரில் சேசிஸ் ரவுட்டரில் (ஸ்லாட்களில் கார்டுகளைச் சொருகும் பெட்டி) கார்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம், எங்கள் செட் ஒரு காலத்தில் செய்த அதே கூத்துகள் அச்சு அசலாகத் திரும்ப நடக்கின்றன. கான்ஃபிக்கை சேவ் செய்யாமல் ரீலோட் கொடுப்பது, வேறு ரவுட்டரில் லாகின் ஆகி கமாண்ட் அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் யாருக்கும் மறக்காது. இது ஹார்ட்வேர் பற்றி மட்டும்.

ஸ்லாட்டை எண்ணி ரவுட்டர் வாங்குவது

சிஸ்கோ ஐஎஸ்ஆர் 4331-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்டுக்கு ஒரு சர்வீஸ் மாட்யூல் ஸ்லாட், சின்ன நெட்வொர்க் கார்டுகளுக்கு இரண்டு நிம் ஸ்லாட் இருக்கின்றன, நம் கிளை அலுவலகத்துக்குப் போதும் என்று வாங்கியவர்கள் உண்டு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அது 100 எம்பிபிஎஸ் மட்டும்தான் கடத்தும், பெர்ஃபார்மன்ஸ் லைசன்ஸ் போட்டால் 300. அந்த அளவும் வெளியே போவது, உள்ளே வருவது இரண்டையும் கூட்டிய கணக்கு. 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனை இரண்டு பக்கமும் நிறைத்து ஓட்டினால் 200 தேவைப்படும், லைசன்ஸ் இல்லாத பெட்டி அங்கேயே கழுத்தைப் பிடிக்கும். இது தெரியாமல் லிங்க் கொடுத்தவரோடு வாரக்கணக்கில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஸ்கோவின் பெரிய ரவுட்டரான ஏஎஸ்ஆர் 1006-லும் இதே கதைதான். லைன் கார்டுக்கு (கேபிள்கள் வந்து சேரும் கார்டு) மூன்று ஸ்லாட் இருந்தாலும் எல்லா டிராஃபிக்கும் ஈஎஸ்பி என்ற, டிராஃபிக்கைக் கடத்தும் கார்டு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே இருப்பது ஈஎஸ்பி20 என்றால் 20 ஜிபிபிஎஸ்தான் எல்லை, எத்தனை கார்டு சொருகினாலும் சரி.

கார்டு போகவில்லை என்று அழுத்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேசிஸின் உள்ளே பின்புறமோ நடுவிலோ ஒரு பெரிய சர்க்யூட் போர்டு நிற்கும், பேக்பிளேன் அல்லது மிட்பிளேன் என்பார்கள். கார்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது அதன் வழியாகத்தான். பல மாடல்களில் அந்த போர்டில்தான் ஊசி போன்ற பின்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், கார்டின் முனையில் அவை நுழையும் துளைகள். கார்டு இரண்டு பக்க ரெயிலிலும் சரியாக உட்காராமல் லேசாகச் சாய்ந்து போனால், கடைசி அரை அங்குலத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் பின் வளைந்துவிடும். அவ்வளவு மெல்லியவை அவை.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில், இரவு மெயின்டனன்ஸ் நேரத்தில் நடந்தது இது. புது லைன் கார்டு ஒன்றை இரண்டு இளைஞர்கள் ஏற்றியிருக்கிறார்கள். இறுக்கமாக இருந்தது என்று அழுத்தியிருக்கிறார்கள், லைட் எரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு ஸ்லாட்டோடு போயிருக்கும். கார்டு கெட்டதா ஸ்லாட் கெட்டதா என்று பார்க்க அதே கார்டைப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டார்கள். முதல் ஸ்லாட்டின் வளைந்த பின் கார்டின் கனெக்டரை ஏற்கெனவே உடைத்திருந்தது, அந்த உடைந்த கனெக்டர் இரண்டாவது ஸ்லாட்டின் பின்களையும் வளைத்தது. அப்புறம் ஓடிக்கொண்டிருந்த நல்ல கார்டு ஒன்றை உருவி முதல் ஸ்லாட்டில் சொருகி டெஸ்ட் செய்தார்கள், அதுவும் போனது. தொற்றுநோய் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. காலையில் நான் போனபோது டிக்கெட்டில் எழுதியிருந்தது, ‘புது கார்டு டெட், மாற்றித் தரவும்’. யாரும் ஒரு டார்ச் அடித்துக்கூட உள்ளே பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அழுத்தியதற்காக அல்ல, பார்க்காததற்காக.

மிட்பிளேன் சேசிஸோடு ஒட்டியது. ஆக மாற்ற வேண்டியது சேசிஸையே. எல்லா கேபிளுக்கும் லேபிள் போட்டு, எல்லா கார்டையும் இறக்கி, ரேக்கிலிருந்து கழற்றி, புதியதை ஏற்றி முடிக்கும்வரை சர்வீஸ் டவுன். பழைய முறை லைசன்ஸ்கள் சேசிஸின் சீரியல் நம்பரோடு கட்டப்பட்டவை, அவற்றைப் புது நம்பருக்கு மாற்றி வாங்குவது தனி அலைச்சல். கையாண்ட விதத்தில் வந்த உடைசலுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது.

சரியான முறை என்ன? ஏற்றும் முன் கார்டின் கனெக்டரைப் பாருங்கள், ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பின் வரிசை நேராக இருக்கிறதா என்று. கார்டின் இரண்டு முனையிலும் உள்ள எஜெக்டர் லீவர்கள் (கார்டை உள்ளே இழுக்கவும் வெளியே எடுக்கவும் உதவும் கைப்பிடிகள்) இரண்டும் திறந்திருக்கட்டும். அடியில் ஒரு கையால் தாங்கி, இரண்டு ரெயிலிலும் உட்கார்ந்ததை உறுதி செய்து, நேராக வழுக்கி விடுங்கள். கடைசித் தூரத்தை லீவர்கள்தான் இழுக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் மூடுங்கள், பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள். இறுக்கமாக இருந்தால் வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். லைட் வரவில்லை என்றாலும் அப்படியே. இரண்டு கனெக்டரையும் கண்ணால் பார்க்காமல் அந்தக் கார்டை வேறு ஸ்லாட்டில் போடாதீர்கள், வேறு கார்டை அந்த ஸ்லாட்டில் போடாதீர்கள். வளைந்த பின்னை ட்வீசரால் நிமிர்த்தப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். நிமிர்ந்தது போலத் தெரியும், அடுத்த தடவை முறியும், அல்லது பக்கத்துப் பின்னைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

ஓடும் கார்டை அப்படியே உருவுவது

எல்லாப் பெட்டியும் இதற்கு இடம் தராது. சிஸ்கோ 2900 சீரிஸில் இருக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் கார்டுகளுக்கு பவரை அணைத்தே ஆக வேண்டும். ஐஎஸ்ஆர் 4000-ல் முதலில் கமாண்ட் கொடுத்து மாட்யூலை ஸ்டாப் செய்யுங்கள். ஜூனிபர் எம்எக்ஸ்480-ல் கார்டை ஆஃப்லைன் ஆக்குங்கள், கமாண்ட் நினைவில்லை என்றால் முன்புறம் லைட்டும் பட்டனும் உள்ள கிராஃப்ட் பேனலில் அதற்கென்று பட்டனே இருக்கிறது.

இரண்டு பவர் சப்ளை, ஒரே பிடியூ

பிடியூ என்பது ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை. இரண்டையும் ஒன்றிலேயே சொருகினால் அது ரிடண்டன்சி அல்ல, அந்தப் பட்டை போனால் இரண்டும் போகும். ஒன்று ஏ ஃபீடில், இன்னொன்று பி ஃபீடில், அதாவது தனித்தனி மின்வழிகளில் இருக்க வேண்டும்.

காலி ஸ்லாட்டின் மூடியைத் தூக்கிப் போடுவது

மூடி இல்லாவிட்டால் ஃபேன் இழுக்கும் காற்று அந்த ஓட்டை வழியே போய்விடும், கார்டுகளுக்கு மேல் போகாது. எம்எக்ஸ்480-ல் காற்று பக்கவாட்டில் ஓடுகிறது என்பதையும் மறக்காதீர்கள். ரேக்கின் ஓரத்தில் கேபிள் கட்டுகளைத் திணித்து அந்த வழியை அடைத்துவிட்டு டெம்பரேச்சர் அலாரத்துக்கு ஏசியைக் குறை சொல்கிறார்கள்.

ஸ்டாட்டிக் ஸ்ட்ராப்

உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரம் கார்டைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டை. கட்டுங்கள். மறுமுனை சேசிஸில்.

80 கிலோமீட்டர் ஆப்டிக்கை அடுத்த ரேக்குக்குப் போடுவது

ஆப்டிக் என்பது ஃபைபர் கேபிளில் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூல். ஸ்டாக்கில் இதுதான் இருந்தது என்று 80 கிலோமீட்டருக்கான இசட்ஆர் மாட்யூலை இரண்டு மீட்டர் ஃபைபர் கேபிளில் இணைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எதிர்முனையின் ரிசீவர் எரிந்துபோகலாம். வெளிச்சத்தைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் போடுங்கள், இல்லையென்றால் 10 கிலோமீட்டர் எல்ஆர் மாட்யூல் வரும்வரை காத்திருங்கள்.