துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமையாக யாரும் கோர முடியாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் வகுத்த வரம்புக்குள் அரசு தரும் அனுமதி அது. அந்த அனுமதி குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, குறிப்பிட்ட ஓர் ஆயுதத்துக்கு, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட காலம்வரை மட்டுமே செல்லும். உரிமம் பெறும்போது இவற்றையெல்லாம் கவனமாகப் படிப்பவர்கள்கூட, சில ஆண்டுகள் கழிந்ததும் துப்பாக்கியை வீட்டுச் சாமான்களில் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் அந்தப் பழக்கத்திலிருந்து பிறப்பவை.

முதல் தவறு, துப்பாக்கியைக் குடும்பத்தின் பொதுச்சொத்தாகக் கருதுவது. அப்பாவின் பெயரில் உரிமம் இருக்கும். இரவில் தோட்டத்துக்குப் போகும் மகன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். உரிமதாரர் வெளியூர் போகும்போது, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டுமே சட்டமீறல்தான். உரிமம் இல்லாத ஒருவர் அடுத்தவரின் துப்பாக்கியைத் தொட்டுத் தூக்கிச் செல்ல, சட்டத்தின் 3-ஆம் பிரிவு மிகக் குறுகிய விலக்கு ஒன்றையே தருகிறது. உரிமதாரர் உடனிருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துமூல அனுமதி கையில் இருக்க வேண்டும். அதுவும் பழுதுபார்ப்பதற்காகவோ, உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவோ, உரிமதாரரின் பயன்பாட்டுக்காகவோ எடுத்துச் செல்வதாக இருக்க வேண்டும். இந்த வரம்பைத் தாண்டினால், வைத்திருந்தவர் மீது உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றம் பதிவாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான சிறைத்தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். துப்பாக்கியைக் கொடுத்தவரும் தப்ப முடியாது. நிபந்தனையை மீறியதற்கு 30-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். என்னைக் கேட்டால், அந்த ஆறு மாதத்தைவிடப் பெரிய இழப்பு உரிமமே ரத்தாவதுதான். ஒருமுறை ரத்தான உரிமத்தைத் திரும்பப் பெறுவது எளிதான காரியம் அல்ல.

உரிமதாரர் இறந்த பிறகு நடக்கும் தவறு இன்னும் வருத்தத்துக்குரியது. ஈமக் காரியங்கள், சொத்துப் பிரிவினை, வங்கிக் கணக்கு என்று அலையும் குடும்பத்துக்குப் பரண்மேல் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உரிமதாரர் இறந்ததோடு அவருடைய உரிமமும் முடிந்துவிடுகிறது. துப்பாக்கி வாரிசுக்குச் சேரலாம். அதை வைத்துக்கொள்ளும் அனுமதி தானாகச் சேராது. 21-ஆம் பிரிவின்படி, வீணான தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். அதன் பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொடுக்கவும் வழி உண்டு. உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அதன்பின், தாம் விரும்பும் சட்டப்பூர்வ வாரிசுக்கு உரிமம் தரும்படி விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம்தருகின்றன. வயதானவர்கள் இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டால், பிள்ளைகள் பின்னால் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேராது. ஒருவர் அதிகபட்சம் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்ற பழைய வரம்பு 2019-இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது என்பதையும், பரம்பரையாக வந்த துப்பாக்கிகளும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதையும் பலர் கவனிக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைத்தவர்கள் அலமாரியில் கிடக்கும் பழைய தோட்டாக்களை மறந்துவிடுவதும் உண்டு. தோட்டா வைத்திருப்பதற்கும் உரிமம் தேவை.

அடுத்தது, எல்லாவற்றிலும் முக்கியமானது: துப்பாக்கியை வைக்கும் இடம். தலையணைக்கு அடியிலும், துணி அலமாரியின் மேல்தட்டிலும், பூட்டாத மேசை இழுப்பறையிலும் தோட்டா நிரப்பிய ரிவால்வரை வைத்துக்கொள்பவர்கள், ஆபத்து வந்தால் உடனே எடுக்க வேண்டுமே என்று காரணம் சொல்கிறார்கள். திருடன் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். வீட்டில் குழந்தை தினமும் இருக்கிறது. பெற்றோர் ஒளித்து வைத்த இடம் குழந்தைக்குத் தெரியாது என்று நம்புவது பெரும் பிழை. துப்பாக்கியைத் தோட்டா நீக்கிய நிலையில், தரையிலோ சுவரிலோ இறுக்கப்பட்ட இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறொரு பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டும் இருக்க வேண்டும். சாவி தொங்கும் ஆணி வீட்டில் எல்லோருக்கும் தெரியுமென்றால், அந்தப் பெட்டி பூட்டப்படவில்லை என்றே பொருள். தோல் உறையிலேயே நெடுநாள் வைத்திருந்தால் தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், உறையின்றி மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வைப்பது நல்லது.

பேசத் தயங்கும் இன்னொன்றும் இங்கே உண்டு. வீட்டில் யாரேனும் கடும் மனச்சோர்விலோ, குடிப்பழக்கத்திலோ, தாங்க முடியாத கடன் நெருக்கடியிலோ இருக்கும்போது, துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. தற்கொலை எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களில் பொங்கி எழுந்து அடங்கக்கூடியது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் மீண்டும் யோசிக்க வாய்ப்பே கிடைக்காது. அத்தகைய காலத்தில் நண்பர் வீட்டில் கொடுத்து வைப்பது சட்டப்படி தவறு. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ரசீது பெற்று ஒப்படைத்து, நிலைமை சீரான பின் திரும்பப் பெறலாம். உரிமதாரரே அந்த நிலையில் இருந்தால், குடும்பத்தினர் அவரிடம் பேசி இதைச் செய்ய வைக்க வேண்டும். வீட்டு மானம் என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம்.

கையாளுவதில் நேரும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான்: துப்பாக்கி காலியாக இருக்கிறது என்ற அனுமானம். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசீனைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும் என்பதை மறக்கிறார்கள். துடைப்பதற்கு முன்னும், அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னும், வாங்கிய பின்னும் சேம்பரைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு விசையை மட்டும் நம்பிக் குழலை ஆட்களின் பக்கம் திருப்பக்கூடாது, ஏனெனில் அதுவும் தேயக்கூடிய ஓர் இயந்திரப் பாகமே. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையென்றால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி குறைந்தது முப்பது வினாடிகள் காத்திருக்க வேண்டும். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்த முறை சுடாமல் குழலைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் உள்ளே சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்று வந்தால் குழலே வெடிக்கும். 12 போர், அதைவிடக் குறுகிய குழல் கொண்ட 20 போர் என இருவகைத் துப்பாக்கிகளும் உள்ள வீட்டில் தோட்டாக்களைக் கலந்து வைப்பதும் இதே ஆபத்தைக் கொண்டது: 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் நின்றுவிடும், பார்ப்பவருக்குத் துப்பாக்கி காலியாகத் தெரியும், அவர் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போடுவார்.

திருமணத்திலும் கோயில் விழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதைக் கொண்டாட்டம் என்று கருதும் வழக்கத்துக்கு இனி இடமில்லை. மேலே போன குண்டு எங்கோ ஒரு கூரையின்மீதோ ஒருவர் தலைமீதோ இறங்கியே தீரும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தனிக் குற்றமாக்கி, பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி பொறுப்பின்றிச் சுட்டால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. உயிரிழப்பு நேர்ந்தால் அது வேறு வழக்காகவும் மாறும். சுடாவிட்டாலும்கூட, சிறப்பு அனுமதியின்றித் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்கோ துப்பாக்கியை எடுத்துச் செல்லக்கூடாது என்பது உரிமத்திலேயே அச்சிடப்பட்ட நிபந்தனை. இடுப்பில் தெரியும்படி செருகிப் படமெடுத்துப் பகிர்வது, தன்மீது நடவடிக்கை எடுப்பதற்கான ஆதாரத்தைத் தானே தயாரித்துக் கொடுப்பதாகும்.

ஆவணத் தவறுகள் சிறியவையாகத் தோன்றினாலும், வழக்கு வரும்போது அவையே முதலில் எழும்பும். உரிமம் இப்போது பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. முடியும் நாளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். தேசிய படைக்கல உரிமத் தரவுத்தளத்தின் தனித்த அடையாள எண் உரிமத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிமம் மாநிலத்துக்குள் மட்டும் செல்லுமா, நாடு முழுவதும் செல்லுமா, ஒரே நேரத்தில் எத்தனை தோட்டாக்கள், ஆண்டுக்கு எத்தனை என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். துப்பாக்கியோடு முப்பது நாட்களுக்கு மேல் வேறிடத்தில் குடியிருக்கப் போனால் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைந்தாலோ திருடுபோனாலோ, தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அந்த ஆயுதம் ஒரு குற்றத்தில் பயன்பட்டால் முதல் விசாரணை உரிமதாரரிடம்தான் தொடங்கும். விற்கும்போது வாங்குபவரிடம் உரிமம் இருப்பது மட்டும் போதாது. மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ வாங்குபவரின் பெயர், முகவரியோடு முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். குழலை வெட்டிச் சுருக்குவதும், அடையாள எண்ணைத் தேய்ப்பதும் கடுமையான குற்றங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற விவசாயிகள் செய்யும் தவறு, அந்த உரிமம் வனவிலங்கைச் சுடவும் அனுமதிக்கிறது என்று நம்புவது. வனவிலங்குகளைப் பொறுத்தவரை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பேசும். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. பயிரைக் காப்பதற்கு அந்த விலக்குப் பொருந்தாது. தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரிடம் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். மேலும், சரணாலயத்திலோ அதிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள்ளோ குடியிருக்கும் உரிமதாரர், அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி வனத்துறையிலும் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். மலையடிவாரங்களில் நிலம் வைத்திருக்கும் பலருக்கு இது வழக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது.

விமான நிலையத்தில் பையின் ஓரத்தில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் பயணம் நின்று, வழக்குப் பதிவாகிய நிகழ்ச்சிகள் பல உண்டு. பொருள் இருப்பது அறிந்து வைத்திருந்தால்தான் சட்டத்தின் பார்வையில் அது உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. அறியாமல் கிடந்த தோட்டாவுக்காகப் போடப்பட்ட வழக்குகளை உயர்நீதிமன்றங்கள் ரத்துசெய்தும் இருக்கின்றன. ஆனாலும் நீதிமன்றம்வரை போய் விடுபடுவதைவிட, தோட்டாவுக்கென ஒரு பையை ஒதுக்கி, அதைப் பயணத்துக்கு எடுக்காமல் இருப்பது எளிது.

தற்காப்பு பற்றிய தவறான நம்பிக்கை மிக ஆபத்தானது. வீட்டுக்குள் நுழைந்தவரைச் சுடலாம் என்று பொதுவாகச் சட்டம் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமையை அவை தருவதில்லை. திருடிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுபவரைச் சுட்டால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சினேன் என்ற வாதம் நிற்காது. சுட நேர்ந்துவிட்டால், துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லி, இடத்தில் எதையும் மாற்றாமல் வழக்கறிஞரை அழைக்க வேண்டும்.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் போன்றோருக்கு விலக்குக் கேட்க வழி உண்டு. மற்றவர்கள் உரிய நாளுக்குள் ஒப்படைத்து ரசீது பெற்று, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறலாம். உரிமத்தை நிறுத்திவைத்தோ ரத்து செய்தோ உத்தரவு வந்தாலும் அணுகுமுறை இதுவே: முதலில் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். பிறகு உத்தரவின் காரணங்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பொதுநலன் கருதி மறுத்தாலன்றி அவற்றைத் தர அதிகாரி கடமைப்பட்டவர். உத்தரவை எதிர்த்துப் படைக்கலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லித் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டால், அது உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த புதிய வழக்காக மாறிவிடும்.