மழையில் கார் கண்ணாடி வெள்ளையாகிப் போனபோது

போன நவம்பர் மழையில் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போய்க்கொண்டிருந்தோம். நனைந்த உடையோடு அம்மா, இரண்டு பிள்ளைகள், நான். பள்ளிக்கரணை தாண்டியதும் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. துடைத்த இடம் நொடியில் மறுபடி மூடியது. முன்னால் போன ஆட்டோவின் சிவப்பு விளக்கு வெறும் கறையாகத்தான் தெரிந்தது.

"ஓரமா நிறுத்துப்பா" என்றார் அம்மா. நிறுத்தினேன்.

கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் உள்பக்கம்தான். அப்புறம்தான் ரீசர்குலேஷன் பொத்தான் கண்ணில் பட்டது, காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்டது. வெளிக்காற்றை விடாமல் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் அது. புகைக்கும் தூசிக்கும் பயந்து அதை எப்போதும் அமுக்கியே வைத்திருப்பேன். எங்கள் மூச்சின் ஈரமும் துணியின் ஈரமும் வெளியேறாமல் உள்ளேயே சுற்றியிருக்கின்றன.

அதை அணைத்து, ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினேன். குளிருக்குப் பயந்து ஏசியை அணைத்துவிடக் கூடாது. ஈரத்தை உறிஞ்சுவதே அதுதான். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்தது.

இன்னொரு நாள் விடியற்காலையில் வெளிப்பக்கம் ஆவி படிந்தது. அதற்கு வைத்தியமே வேறு. வைப்பரைப் போட்டேன், குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பினேன், ஏசியை 25 டிகிரிக்கு ஏற்றினேன். சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் மழை நாளில் இந்தப் பொத்தான்களைச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.