வள்ளி கும்மிக் குழுவை வெளியூர் களத்துக்குக் கொண்டுபோவது எப்படி: முளைக்குச்சி அடிப்பதிலிருந்து அதைப் பிடுங்குவது வரை

வள்ளி, முருகன் கதையைப் பாடியபடி வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடும் கொங்கு நாட்டு ஆட்டம் வள்ளி கும்மி. சொந்த ஊரில் ஒன்றரை மாதம் ராத்திரி ராத்திரியாகப் பழகி, கோயில் முன்னால் அரங்கேற்றமும் முடித்த குழு, அடுத்த மாதம் பக்கத்து ஊரில் ஆடும்போது மூன்றாவது பாட்டிலேயே வட்டம் நசுங்கிப் போகும். கும்மிச் சத்தம் ஒன்றாக விழாமல் இரண்டாகக் கேட்கும். "எல்லாம் மறந்து போச்சா அம்மிணி?" என்று ஆசிரியர் சத்தம் போடுவார். யாரும் எதையும் மறந்திருக்க மாட்டார்கள். தரை மாறியிருக்கும், சத்தம் வரும் திசை மாறியிருக்கும். புதிதாகக் குழு சேர்த்து வெளியூர் போகிறவர்கள் அடவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுத்தால் போதும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 60 பேர் குழுவுக்கு. வெளிவட்டம் 36, உள்வட்டம் 24.

எந்த மாதம் ஒத்துக்கொள்ளலாம்

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். தைப்பூச நோன்பு, குண்டம் (தீமிதி), கோயில் முன்னால் கம்பம் நட்டுத் தொடங்கும் மாரியம்மன் சாட்டு (திருவிழா) என்று அழைப்பும் அப்போதுதான் அதிகம் வரும். சித்திரையில் சாயங்காலம் திடீரென்று கோடை மழை இடியோடு இறங்கும். இடிச்சத்தம் காதில் விழுந்ததுமே ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியும் தகரப் பந்தலும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உடுமலை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுவதுபோல் முந்தானையையும் சுற்றும். ஆடிக்காற்றில் அம்மி நகருமோ என்னமோ, மைக் ஸ்டாண்டு நிச்சயம் சாயும். ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்களம் வேண்டவே வேண்டாம். அந்த இரண்டு மாதத்தைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை மூன்று நீளத்தில் வைத்திருங்கள்

அரங்கேற்றத்தில் வள்ளி பிறந்ததிலிருந்து திருமணம் வரை முழுக்கதையும் ஆடலாம். மூன்று மணி நேரம் ஓடினாலும் சொந்த ஊர் பார்க்கும். வெளியூரில் தேர் நகரும், அன்னதானம் தொடங்கும், கட்சிக்காரர் பேச வருவார். ஆகவே 30 நிமிடம், 60 நிமிடம், இரண்டரை மணி நேரம் என்று மூன்று வரிசையைப் பாட்டு நோட்டில் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு விநாயகர் துதி, தினைப்புனக் காவல், வேடனாக முருகன் வருவது, கிழவர் வேடம், யானை வந்து மிரட்டுவது, திருமணம், மங்களம். எதை வெட்டினாலும் யானையை வெட்டாதீர்கள். குழந்தைகள் அதற்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எந்தப் பாட்டில் பாதியில் நிறுத்தினாலும் நேராக மங்களத்துக்குப் போக ஒரு சைகை வேண்டும். நீளமாக ஒரு விசில், இரண்டு குட்டை விசில் என்று வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை எதிர்பாராத நேரத்தில் ஊதிப் பழக்குங்கள்.

களத்தைப் பார்ப்பது, குறிப்பது

முன்பணம் வாங்கும் முன் யாராவது ஒருவர் போய் இடத்தைச் செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். "பெரிய திடலுங்க, எவ்வளவு பேர் வேணும்னாலும் ஆடலாம்" என்று போனில் சொல்வதை நம்பக் கூடாது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பந்தல், பலூன் கடை, ராட்டினம் எல்லாம் வருவதற்கு முந்தைய திடலை அவர் சொல்கிறார், அவ்வளவுதான்.

குனிந்து நிமிர்ந்து கும்மி தட்ட ஒருவருக்கு வட்டத்தின் மேல் 4 அடி வேண்டும். கணக்கு எளிது. ஆள் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால், நடுவிலிருந்து வட்டம் போடும் கயிற்றின் நீளம் வரும். 36 பேருக்கு 23 அடி, 24 பேருக்கு 15 அடி. இரண்டு வட்டத்துக்கும் நடுவே 8 அடி கிடைக்கும். இது 6 அடிக்குக் கீழே போனால், உள்வட்டம் பின்னால் அடி வைக்கும்போது வெளிவட்டத்தின் மேல் மோதும். சுற்றிலும் 6 அடி விட்டுக் கூட்டத்துக்குக் கயிறு கட்ட வேண்டும். ஆகமொத்தம் 60-க்கு 60 அடி வெற்றிடம். இது இல்லையென்றால் ஆளைக் குறையுங்கள். இடைவெளியைக் குறைத்து அத்தனை பேரையும் நெருக்கி நிறுத்துவதுதான் புதுக்குழுக்கள் செய்யும் முதல் தப்பு.

நடுவில் ஒரு முளைக்குச்சி அடித்து, கயிற்றில் 15 அடியிலும் 23 அடியிலும் முடிச்சுப் போட்டு, ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி சுற்ற, இன்னொருவர் பின்னாலேயே கோடு போட்டு வர வேண்டும். கோட்டுக்குக் கோலமாவுதான். சுண்ணாம்புத்தூள் பளிச்சென்று தெரியும், ஆனால் வியர்வையில் நனைந்த உள்ளங்காலில் அது எரியும். களத்து நடுவில் கோயில் கம்பம் இருந்தால் குச்சி தேவையில்லை. கம்பத்தைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம் போட்டுக் கயிற்றைத் திருப்பலாம். ஊர்ப்பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கம்பத்தில் மைக் வயரோ விளக்கோ மட்டும் கட்டக் கூடாது.

இனி தரை. செம்மண் திடலில் நெருஞ்சி முள்ளும் வேலிமுள்ளும்தான் எதிரி. விளக்குமாறு நெருஞ்சியை எடுக்காது. பழைய ஈரச்சாக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் முள் அதில் குத்திக்கொண்டு வந்துவிடும். இரண்டு நடை இழுங்கள், ஒருநடை நீளவாக்கில், ஒருநடை குறுக்கே. பிறகு தண்ணீர். 60-க்கு 60 அடிக்கு 500 லிட்டர் தாராளம். பாதியை மூன்று மணிக்கும் மீதியை ஐந்து மணிக்கும் கையால் தெளிக்க வேண்டும். டேங்கர் குழாயைத் திறந்துவிட்டால் ஓரிடத்தில் சேறும் ஓரிடத்தில் புழுதியுமாகி, ஏழு மணிக்குச் சேற்றில் ஒருத்தி வழுக்குவாள், அவளைப் பிடிக்கப் போய் இரண்டு பேர் வட்டத்தை விடுவார்கள்.

தார் ரோட்டில் ஆடச் சொன்னால் பொழுது இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். தார் சூட்டை விடவே விடாது. இன்டர்லாக் கல் பதித்த கோயில் முற்றத்தில் தண்ணீர் தெளிக்கவே கூடாது, கூட்டிவிட்டால் போதும்.

சத்தம்: வட்டம் உடைவது இங்கேதான்

ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி போகும். வேகம்தானே என்று தோன்றும். நூறு பேர் ஒரே வட்டத்தில் நின்றால் குறுக்களவு 127 அடி. ஸ்பீக்கரை ஒரு ஓரத்தில் வைத்தால் எதிர் ஓரத்தில் இருப்பவருக்குத் தாளம் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகத்தான் கேட்கும். வேகக் கும்மியில் நொடிக்கு இரண்டு தட்டு விழும்போது இந்தத் தாமதம் அப்பட்டமாகத் தெரியும். இருவருமே தங்கள் காதில் விழுந்த தாளத்துக்குச் சரியாகத்தான் தட்டுவார்கள். கேட்பவருக்குத்தான் இரண்டாகக் கேட்கும்.

அதனால் மேளமும் பாடுகிறவரும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு வட்டத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். ஆட்டக்காரருக்கென்று இரண்டு சின்னப் பெட்டி ஸ்பீக்கரை நடுவிலேயே முதுகோடு முதுகாக வைத்து வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். கூட்டத்துக்கான பெரிய பெட்டிகளைக் கயிற்றுக்கு வெளியே, களத்துக்கு முதுகு காட்டி வையுங்கள்.

அடுத்தது சுவர். பெரிய மதில் 100 அடி தள்ளி இருந்தால் சத்தம் போய் மோதித் திரும்ப 200 அடி. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நொடி கழித்து இன்னொரு கைதட்டல் கேட்கும். போய் இறங்கியதும் களத்து நடுவில் நின்று பலமாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். திரும்பத் தெளிவாகக் கேட்டால், பெரிய பெட்டி எதுவும் அந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது, ஒலியளவையும் ஒரு படி குறைக்க வேண்டும். மைக் செட்காரர் கூட்டத்தான் பார்ப்பார். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும்.

கும்மி தட்டும் கையையும் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டினால் "டொப்" என்று மங்கலாக வரும். வீட்டு வாசலில் அழகாக இருக்கும், திடலில் பத்தடி தாண்டாது. வலக்கை நான்கு விரலையும் சேர்த்து இடது உள்ளங்கையின் மேல்பாதியில் தட்டையாக அடித்தால் "பட்" என்று கூர்மையாகப் போகும். கை சிவக்கும், பத்து நாளில் பழகிவிடும்.

தோல் மேளம் மார்கழி, தைப் பனியில் தொய்ந்து போகும். அனலில் காட்டி வாரை இறுக்கத் தனி ஆள் வேண்டும். அனல் பந்தலுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஃபைபர் போட்ட மேளத்தை நெருப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

பழக்கத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள் சொல்லாமல் மைக்கை நிறுத்துங்கள். பாட்டு நின்றாலும் மேளம் நிற்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் சுலபமான நடையடிக்குப் போய், அடுத்த விசில் வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பழகிய குழுவுக்குக் கரண்ட் போனது கூட்டத்துக்கே தெரியாது.

கரண்ட்

ஈரம் தெளித்த தரை, வெறுங்கால், வயர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாத லைனில் ஆடக் கூடாது. போய் இறங்கியதும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நடுவுக்குப் போகும் வயரை நாலு விரல்கட்டை ஆழத்தில் பள்ளம் பறித்து, குழாய்க்குள் விட்டு மூடுங்கள். ஒட்டுப் போட்ட வயர் வேண்டாம். 200 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் நாலு, 12 அடி உயரத்தில் நாலு மூலையிலும். தாழ்வாக வைத்தால் கண் கூசி எதிரில் நிற்பவரின் அடி தெரியாது. மைக் செட்டையும் சேர்த்து 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக, புகை களத்துக்கு வராதபடி.

சேலையும் சலங்கையும்

முன்பு ஆண்களே பெரும்பாலும் ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். இன்று பல வட்டங்களில் பெண்கள்தான் அதிகம். அதனால் சீருடை என்றால் முதலில் சேலைதான். புதுச்சேலையை அப்படியே கட்டக் கூடாது, கஞ்சி மொடமொடப்பில் கொசுவம் நழுவும். ஒருதடவை அலசிக் காயவையுங்கள், சாயம் போகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். கரை கணுக்காலுக்கு மூன்று விரல்கட்டை மேலே நிற்க வேண்டும். பின்னடி வைக்கும்போது தன் கரையைத் தானே மிதித்துத்தான் அதிகம் விழுகிறார்கள். தோள், கொசுவம், முந்தானை நுனி என்று ஆளுக்கு 4 ஊக்கு. முந்தானையை இடுப்பில் செருகினால் மட்டும் மேல்காற்றுக்கு நிற்காது.

சலங்கை கட்டி ஆடுகிறவர்கள் காலில் துணிப்பட்டி சுற்றி அதன்மேல் கட்ட வேண்டும். முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். கழன்று விழுந்த ஒரு மணி அடுத்தவர் உள்ளங்காலுக்கு ஆணி.

வண்டி, தண்ணீர், சாப்பாடு

மேளம், ஸ்பீக்கர், சேலை மூட்டைக்குக் குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) ஒன்று. ஆட்கள் பஸ்ஸில் மட்டும். சரக்கு வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள், "பக்கத்துல தானுங்களே" என்றாலும். களத்தில் முதலில் தேவைப்படும் முளைக்குச்சி, கயிறு, கோலமாவு, சாக்கு நான்கையும் கடைசியாக ஏற்றுங்கள். மேளத்தை வெயிலில் திறந்து வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அழைத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: பெண்கள் உடை மாற்றப் பூட்டுள்ள அறை, தண்ணீரோடு கழிப்பறை, காவல் நிலையத்தில் மைக் அனுமதி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், இரண்டரை மணி நேர ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியாக வேண்டும்.

20 லிட்டர் கேன் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை, லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலந்து தனியாக வையுங்கள், எலுமிச்சை பிழிந்தால் குடிக்கப் பிடிக்கும். நாலு மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் அரிசியும் பருப்புச் சாதம். 60 பேருக்கு 7 கிலோ அரிசி, இரண்டேகால் கிலோ துவரம்பருப்பு. நெய்யில் கை சுருக்கக் கூடாது.

முடிந்த பிறகு

சலங்கைகளை அவிழ்த்து எண்ணி, ஈரம் போக நிழலில் விரித்து வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் தோல்பட்டை பூசணம் பிடிக்கும். வயர் போட்ட பள்ளத்தை மூடுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் நடுவிலிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி வண்டியில் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடப்பார்கள்.